மாரியில் ஸ்பிறே அடிக்கும் முன்

திரைப்பட விண்கப்பலையோ கவசத்தையோ 3டி பிரிண்டில் செய்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் பெரிய தொல்லை ஈரக்காற்றுதான். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை விட்ட கையோடு லாக்கர் ஸ்பிறே (வேகமாகக் காயும் பெயின்ற்) அடித்தால் மேற்பரப்பு பால்போல வெளுத்துவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். அதனால் வெயில் ஏறிய முற்பகலில், காற்றோட்டமுள்ள விறாந்தையில், முகமூடியோடு அடியுங்கள்.

காய வைப்பது நிழலில்தான். 3டி பிரிண்டில் அதிகம் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகும்; மூடிய காருக்குள் வைத்தால் வளைந்துவிடும்.

பெயின்ற் பள்ளத்தை மறைக்காது, எடுத்துத்தான் காட்டும். ஸ்பிறேக்கு முன் முதலில் 220 இலக்கச் சாண்ட்பேப்பரால் தேயுங்கள், பிறகு 400; இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மையாகும். அப்புறம் சாம்பல் நிற பிரைமரை (அடிப்பூச்சை) மெல்லிசாக அடித்துப் பாருங்கள், மிச்சமிருக்கும் கோடுகள் எல்லாம் தெரியும். அவற்றில் பள்ளம் நிரப்பும் புட்டி வைத்து, நன்றாகக் காய்ந்ததும் 800 தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். இந்தச் சுற்றை எத்தனை தடவை செய்தாலும் தகும். வெள்ளி நிறம் அடிப்பதென்றால் அடியில் மினுங்கும் கறுப்பு வேண்டும். டப்பாவை 25 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடியுங்கள்.