பழைய கிரைஸ்லர் எஞ்சினில் அளவு ஒத்துவராத டார்க் கன்வர்ட்டரைப் பொருத்தும் முறை

1968-இல் கிரைஸ்லர், சிறிய வி8, ஸ்லான்ட் சிக்ஸ் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைத் துளையைப் பெரிதாக்கியது. முன்பு 1.550 அங்குலம் (39.4 மி.மீ.), பிறகு 1.810 அங்குலம் (46 மி.மீ.). டார்க் கன்வர்ட்டர் என்பது எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உருளை; அதன் மூக்கு இந்தத் துளைக்குள்தான் உட்காருகிறது. எனவே 1966 டாட்ஜ் டார்ட்டில் எழுபதுகளின் 318 (கன அங்குல) வி8 எஞ்சினை ஏற்றிவிட்டு, காரோடு வந்த 904 டார்க்ஃபிளைட் (கிரைஸ்லரின் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால் மூக்கு துளைக்குள் லொடலொடவென ஆடும். நான் செய்துமுடித்த வேலை இது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: அளந்து பாருங்கள்

கிராங்க் துளை, கன்வர்ட்டர் மூக்கு, இரண்டையும் வெர்னியரால் அளக்கவும். டேப் வேண்டவே வேண்டாம். அப்புறம் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் பற்களை எண்ணுங்கள். வேறு கன்வர்ட்டர் வாங்குபவர்கள் இங்கே ஏமாறுவதுண்டு: 904-ஐ விடப் பெரிய 727 கியர்பாக்ஸில் 1966 வரை 19 பல், 1967 முதல் 24.

இன்னும் இரண்டு விஷயம். இந்தக் கார்களில் ஸ்டார்ட்டர் சுழற்றும் பல்வளையம் கன்வர்ட்டரின் மேலேயே இருக்கிறது. அது இல்லாத கன்வர்ட்டரை வாங்கினால் எஞ்சினைச் சுழற்ற வழியே இல்லை. 318-க்கு எடை ஒட்டாத கன்வர்ட்டர், 360-க்கு எடை ஒட்டியது. மாற்றிப் போட்டால் எஞ்சின் அதிரும்.

படி 2: துளைக்கு வளையம்

துளை பெரிது, மூக்கு சிறிது என்றால் உள்விட்டம் 1.550, வெளிவிட்டம் 1.810 உள்ள வளையம் தேவை. ஆயத்தமாகவே கிடைக்கிறது, நல்ல லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கலாம். துளையில் துருவைச் சுத்தமாகத் துடைத்து, வளையம் கோணாமல் முழுதாக உள்ளே இறங்கும்படி தட்டுங்கள். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மூக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். சூட்டிலும் அழுத்தத்திலும் கன்வர்ட்டர் சற்று உப்பும். அது முன்னே நகர இடம் வேண்டும்.

ஃப்ளெக்ஸ் பிளேட்டின் (கிராங்கையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் தகடு) போல்ட்டுகளே கன்வர்ட்டரை நடுவில் பிடித்துக்கொள்ளும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது வளைந்துகொடுக்கும் மெல்லிய தகடு. மையம் தவறிச் சுற்றும் கன்வர்ட்டர், கியர்பாக்ஸின் முன் ஆயில் சீலையும் புஷ்ஷையும் தின்றுவிடும்.

துளை சிறிது, மூக்கு பெரிது என்றால் வளையத்தால் பயனில்லை. சிறிய மூக்கு வைத்த கன்வர்ட்டரைச் செய்து வாங்குவதே என் தேர்வு.

படி 3: மூன்று இறக்கம்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் அளவு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றிக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸின் மூக்கைச் சற்று மேல்நோக்கி நிறுத்தி, இரு கையாலும் கன்வர்ட்டரைத் தாங்கி, மெல்லச் சுற்றியபடியே உள்ளே தள்ளுங்கள். ஸ்டேட்டர் தாங்கியின் (கியர்பாக்ஸ் முன்னே நீட்டியிருக்கும் சுழலாத குழாய்) பல்லும் இன்புட் ஷாஃப்டின் பல்லும் பிடிக்கும்போது இரண்டு இறக்கம் தெரியும். கன்வர்ட்டர் முழுக்க உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். பம்ப்பின் உள்கியரில் உள்ள இரு நாக்குகள், கன்வர்ட்டர் கழுத்தின் இரு வெட்டுகளுக்குள் இன்னும் நுழையவில்லை. லேசாக அழுத்தியபடி சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ‘டொக்’ என்று மறுபடி இறங்கும். அந்த இறக்கம் வராமல் மேலே போகக் கூடாது.

பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூடு) வாயில் நேர்ச்சட்டம் வைத்து, கன்வர்ட்டரின் போல்ட் முகம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பக்கம், பிளாக்கின் பின்முகத்திலிருந்து ஃப்ளெக்ஸ் பிளேட் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பாருங்கள். முதல் அளவில் இரண்டாவதைக் கழித்தால் 3 முதல் 5 மி.மீ. வரை மிஞ்ச வேண்டும்.

படி 4: சேர்த்தல்

கியர்பாக்ஸ் ஜாக் இல்லாமல் இதைத் தொடவே மாட்டேன். டோவல் பின்களில் (பிளாக்கில் இடம் காட்டும் முளைகள்) பெல் ஹவுசிங் கையாலேயே முழுதாக ஒட்ட வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் கியர் உடையும். ஒட்டியபின் கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். முன்னே இழுத்தால் அந்த 3–5 மி.மீ. நகர்ந்து பிளேட்டைத் தொட வேண்டும்.

போல்ட் துளைகளில் ஒன்று சற்று விலகி இருக்கும். அதனால் ஒரே ஒரு நிலையில்தான் எல்லாம் நேராகும். அது கிடைக்கும்வரை கன்வர்ட்டரைத் திருப்புங்கள். போல்ட் நீளம் கூடினால் முனை கன்வர்ட்டரின் முகத்தை நசுக்கும். பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போடவும்.

பின்னர் சேர்த்தது: வேலை முடிந்ததும் கியர்பாக்ஸ் இழுக்கவில்லை, ஆனால் ஆயில் அளவு சரியாகவே காட்டுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழைய டார்க்ஃபிளைட்களில் பார்க்கில் வைத்தால் கன்வர்ட்டருக்கு எண்ணெய் போகாது. கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு அடை கொடுத்து, எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் வைத்து ஆயில் ஊற்றுங்கள். அளவுக்கோலையும் நியூட்ரலில்தான் பார்க்க வேண்டும்.