நிச்சயம் ஆனப்புறம் 'வேணாம்'னு சொல்றது எப்படி

மொதல்ல ஒண்ணு, தைரியம் வரட்டும் அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தீங்கன்னா பத்திரிகைய வீடு வீடா குடுத்து முடிச்சிருவாங்க, தைரியம் மட்டும் வராது. நான் நிச்சயம் ஆகி 2 மாசம் தெனமும் சாயங்காலம் சில்வர் பீச்ல உக்காந்து அலைய எண்ணிட்டு வந்ததுதான் மிச்சம். பாரதியார் 1918 நவம்பர்ல புதுச்சேரி எல்லைய தாண்டினதும் புடிச்சு நம்ம கடலூர் ஜெயில்லதான் போட்டாங்க, புடிப்பாங்கன்னு தெரியாமலா கெளம்பிருப்பாரு?

கல்யாணம் தானா நின்னுபோச்சுன்னு ஒரு ஃபோன் வந்தா மனசுல மொதல்ல என்ன வருதுன்னு கேட்டுப் பாருங்க. எனக்கு 'அப்பாடா'ன்னு வந்துச்சு. ஆனா 10 நாளாச்சும் கேளுங்க, சண்ட போட்ட அன்னிக்கு எல்லாருக்கும் அப்பாடான்னுதான் இருக்கும்.

அப்புறம் அந்த 'நாலு பேரு என்ன சொல்வாங்க'. அந்த நாலு பேரு யாருன்னு பேப்பர்ல எழுதுங்க. நான் எழுதினேன், பெரியத்த, எதிர்வீட்டு ஆயா, அதோட பேனா நின்னுடுச்சு. ஆயாவுக்கு காதும் கேக்காது.

யாரப் பாத்தா ரொம்ப பயமோ அவங்ககிட்டயே மொதல்ல சொல்லுங்க, காலைலயே, ராத்திரி சொன்னா அழுகைதான் பெருசாகும். காரணம் ஒண்ணே ஒண்ணு போதும், பத்து சொன்னா பத்துக்கும் பதில் ரெடியா வரும். அப்பா டீ ஆத்திட்டிருந்தாரு, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா"ன்னேன், ஒண்ணும் சொல்லாம நுரையெல்லாம் அடங்கி டீ பச்சத்தண்ணி ஆகற வரைக்கும் ஆத்திட்டே இருந்தாரு, அப்புறம் "பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சாம்மா?"ன்னு மட்டும் கேட்டாரு. இல்லப்பான்னேன், டீய குடிச்சுட்டாரு.

அடிப்பாங்க, பூட்டி வைப்பாங்கன்னு பயம் இருக்கற வீடா, அப்போ இந்த டீ கதையெல்லாம் உங்களுக்கு இல்ல, மொதல்ல 181க்கு ஃபோன் பண்ணுங்க, பெண்களுக்கான ஹெல்ப்லைன் அது.

மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் தட்டி விடாதீங்க, அவரு என்ன பாவம் பண்ணாரு, நேர்லயோ ஃபோன்லயோ நீங்களே சொல்லுங்க. அவங்க போட்ட நகை, பொடவை எல்லாம் லிஸ்ட் போட்டு, பெரியவங்க ஒருத்தர கூட்டிட்டு அந்த வாரமே திருப்பிக் குடுத்துடுங்க. மண்டபத்து அட்வான்ஸ் எங்களுக்குத் திரும்பி வரல, அத மறந்துடறது நல்லது.

பெரியத்த 3 மாசம் பேசல. நாலாவது மாசம் பாடலீஸ்வரர் கோயில்ல பாத்தாங்க, கையில பூவ குடுத்துட்டு "வேற எடம் ஒண்ணு இருக்குது"ன்னு ஆரம்பிச்சாங்க.