மூன்று பாட்டில் போதும்: நண்பர்களோடு ஸ்பார்க்ளிங் ஒயின் ருசிப்பது எப்படி?

குமிழி பொங்கும் ஒயினைத்தான் ஸ்பார்க்ளிங் ஒயின் என்கிறோம். அதில் ஒன்றை மட்டும் வாங்கிக் குடித்தால் "நல்லாயிருக்கு" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் நாக்குக்கு வேலை. வெயில் அடிக்கும் சனிக்கிழமை மதியம், ஐந்தாறு பேர், மூன்று பாட்டில். தொடங்க இது போதும்.

வாங்குவது

இத்தாலியின் ப்ரொசெக்கோ, ஸ்பெயினின் காவா, பிரான்ஸின் ஷாம்பெயின் என்று ஒவ்வொன்று எடுங்கள். ஷாம்பெயின் விலை கையைக் கடித்தால், அதே முறையில் பிரான்ஸின் வேறு பகுதிகளில் செய்யும் க்ரெமான் வாங்கலாம்.

மூன்று லேபிளிலும் 'ப்ரூட்' என்று இருக்கட்டும். லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லை என்று அர்த்தம். 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருப்பது அதைவிட இனிப்பு, 17 கிராம் வரை போகும். இதில் ஏமாறாதவர்கள் குறைவு.

குளிர வைப்பது

ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் விட்டு அரை மணி நேரம். தண்ணீர் விடாமல் வெறும் ஐஸ் போட்டால் சீக்கிரம் குளிராது. வாளியை நிழலில் வையுங்கள்.

ஒல்லியான உயரக் கிளாஸ் பார்க்க அழகு, ஆனால் வாசனை பிடிக்க உதவாது. சாதாரண ஒயிட் ஒயின் கிளாஸே மேல். சோப்பு ஒட்டியிருந்தால் நுரை செத்துவிடும், நன்றாக அலசுங்கள்.

திறப்பது

ஷாம்பெயின் பாட்டிலுக்குள் அழுத்தம் கார் டயரைவிட இரண்டு மூன்று மடங்கு. அதனால் சினிமா பாணி வேண்டாம். தாளை உரித்ததும் கட்டைவிரலால் கார்க்கை அழுத்திக்கொண்டு, கம்பியின் வளையத்தை ஆறு அரைச்சுற்று திருப்பித் தளர்த்துங்கள். கம்பியைக் கழற்ற வேண்டாம், கார்க்கோடு சேர்த்துப் பிடியுங்கள். பாட்டிலை யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் சாய்த்து, கார்க்கை அசையாமல் வைத்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். 'டப்' என்று வெடிக்காமல் 'உஸ்' என்று வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

ருசிப்பது

ஒருவர் மட்டும் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, எண் போட்டு ஊற்றட்டும். ஆளுக்கு 60 மில்லி. கார் ஓட்ட வேண்டியவர் துப்பிவிடட்டும், அதற்கொரு டம்ளர் வையுங்கள்.

முதலில் மோந்து பாருங்கள். அப்புறம் ஒரு வாய் எடுத்து நாக்கில் சில நொடி நிறுத்துங்கள். குமிழி முரடா, மென்மையா? விழுங்கிய பிறகு எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பின் அடையாளம். ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது? யாரும் வாய் திறப்பதற்குள் அவரவர் எழுதிவிட வேண்டும். ஒருவர் "ஆப்பிள்" என்று சொல்லிவிட்டால் மேசையில் எல்லோருக்கும் ஆப்பிள்தான்.

எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? ப்ரொசெக்கோவின் முக்கியத் திராட்சை க்ளேரா. அதன் இரண்டாம் நொதிப்பு, அதாவது ஒயினுக்குக் குமிழி தரும் நொதிப்பு, பெரும்பாலும் மூடிய பெரிய தொட்டியில் நடக்கும், சீக்கிரமே பாட்டிலுக்கு வந்துவிடும். அதனால் பேரிக்காய், பச்சை ஆப்பிள், பூ வாசனை தூக்கலாக இருக்கும். காவாவுக்கும் ஷாம்பெயினுக்கும் அந்த நொதிப்பு பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது. நொதிக்க வைக்கும் வேலையை முடித்துச் செத்த ஈஸ்டும் ஒயினோடே கிடக்கும். காவாவுக்குக் குறைந்தது 9 மாதம், ஷாம்பெயினுக்கு 12 மாதம். சுட்ட ரொட்டி, வறுத்த பருப்பு மாதிரி வாசனை வருவது அதிலிருந்துதான். குமிழிகளும் பொடிப் பொடியாக இருக்கும்.

தொட்டுக்கொள்ள

உப்பு போட்ட உருளை சிப்ஸ், வாழைக்காய் பஜ்ஜி. எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பும் குமிழியும் வெட்டிவிடும். மிளகாய்க் காரம் வேண்டாம், குமிழி பட்டால் எரிச்சல் கூடும். கேக்கும் வேண்டாம், ப்ரூட் வெறும் புளிப்பாகிவிடும்.

மிச்சமிருந்தால் ஸ்பார்க்ளிங் ஒயினுக்கென்றே விற்கும் இறுக்கு மூடியைப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுங்கள். பாட்டில் வாயில் ஸ்பூனைத் தொங்கவிட்டால் குமிழி நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். நிற்காது.