கேமிங் கணினி சூடாகிறதா? ஃபேன் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

கேம் ஆடும்போது கணினி கொதிக்கிறது என்றதும் பலர் உடனே இரண்டு ஃபேன் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பல நேரம் அது தேவையே இல்லை. தேவையா இல்லையா என்பதை ஸ்க்ரூடிரைவரும் ஒரு மணி நேரமும் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: அளந்து பாருங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவுங்கள். வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையையும் எழுதுங்கள். அறை 5 டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். அது ஃபேனின் குற்றமில்லை.

அப்புறம் கேபினட்டின், அதாவது கணினிப் பெட்டியின், பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை அதே அளவு நேரம் ஆடுங்கள். வெப்பம் 8, 10 டிகிரி இறங்கினால் கேபினட்டுக்குள் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஓரிரு டிகிரிதான் மாறியதா? காற்றோட்டம் நன்றாகவே இருக்கிறது. தூசி, ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் கூலர், அவை இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்றைச் சந்தேகப்படுங்கள். இந்த நிலையில் புது ஃபேன் வாங்குவது வீண் செலவு.

எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு 70, 75 டிகிரியில் ஓடுவது சாதாரணம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் பல ப்ராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் வெறும் கேம் ஆடும்போதே ப்ராசஸர் அந்த எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றால் கவனிக்க வேண்டியதுதான்.

படி 2: தூசி

கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். கேபினட்டின் தூசி ஃபில்டர்களைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஏர் ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். வேக்யூம் க்ளீனரின் முனையில் நிலைமின்சாரம் சேரும், அதை மதர்போர்டு பக்கம் கொண்டு போகாதீர்கள்.

படி 3: ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது?

பெரும்பாலான கோளாறு இங்கேதான். சாதாரண ஃபேனில் இறக்கைகள் திறந்தாற்போல் தெரியும் பக்கம் காற்றை இழுக்கும்; நடுப்பகுதியைத் தாங்கும் கம்பிகள் குறுக்கே ஓடும் பக்கம் வெளியே தள்ளும். சந்தேகமாக இருந்தால் ஓடும் ஃபேன் அருகே டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள்.

முன்பக்கத்திலிருந்து காற்று உள்ளே வர வேண்டும். பின்பக்கம், மேல்பக்கம் வழியே வெளியேற வேண்டும். ப்ராசஸர் கூலரின் ஃபேனும் பின்பக்கத்தைப் பார்த்தே ஊத வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. என் கணக்கில் இது பெரும்பாலானவர்களுக்குப் போதும். உள்ளே வரும் காற்று கொஞ்சம் அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியே காற்று வெளியே போகுமே தவிர, ஃபில்டர் இல்லாத இடுக்கில் தூசி உள்ளே வராது.

மேல்பக்கம் மூன்று ஃபேன் மாட்ட இடம் இருக்கிறதே என்று மூன்றையும் மாட்ட வேண்டாம். முன்பக்கத்தை ஒட்டி இருக்கும் மேல் ஃபேன், அப்போதுதான் உள்ளே வந்த குளிர்ந்த காற்றைக் கூலருக்குப் போகும் முன்பே வெளியே இழுத்துவிடும்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் கேபினட்டா? முன்பலகையைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால், அந்தக் காசை ஃபேனுக்குப் போடுவதைவிட வலைமுகப்பு உள்ள கேபினட்டுக்குப் போடலாம். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். கேபிள்களை அடுக்கிக் கட்டுவது பார்க்க அழகு, வெப்பத்தில் பெரிய மாற்றம் இருக்காது.

படி 4: வேகம்

பல மதர்போர்டுகளில் கேபினட் ஃபேன்கள் ப்ராசஸர் வெப்பத்தைப் பார்த்துத்தான் சுற்றும். கேம் ஆடும்போதோ அதிகச் சூட்டைக் கக்குவது கிராஃபிக்ஸ் கார்டு. அதனால் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில், முன்பக்க ஃபேன்களைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிடுங்கள். மூன்று ஊசி (3-pin) இணைப்பு உள்ள ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் கத்தினால், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) அந்த இணைப்பை டிசி முறைக்கு, அதாவது மின்னழுத்தத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, மாற்றுங்கள்.

படி 5: கதவைத் திறந்தும் சூடு இறங்காதவர்களுக்கு

ப்ராசஸர்தான் கொதிக்கிறது என்றால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். கணினி கொஞ்ச நேரம் ஓடி வெதுவெதுப்பானதும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கூலரை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பி எடுங்கள். நேராக இழுத்தால், ஏஎம்டியின் ஏஎம்4 வகை சாக்கெட்டில் (ப்ராசஸர் பொருந்தும் இடம்) ப்ராசஸரே கூடவே பிடுங்கிக்கொண்டு வரலாம், அதன் அடியிலுள்ள ஊசிகள் வளையலாம். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும். புதுக் கூலர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

கார்டுதான் சூடு என்றால் அதன் வேலையைக் குறைத்துப் பாருங்கள். வினாடிக்கு 60 முறை படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வினாடிக்கு 140 ஃப்ரேம் (படம்) ஓடவிட்டால் அதில் பாதிக்கு மேல் திரைக்கு முழுதாக வந்து சேராது; மின்சாரமும் சூடும் மட்டும் கூடும். கேம் செட்டிங்கிலேயே ஃப்ரேம் வரம்பை மானிட்டருக்கு ஏற்ப வைத்துவிட்டால், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் சூடு இறங்குவது சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.