எம்ஏஎச் எண்ணை மட்டும் பார்த்து போன் வாங்காதீர்கள்

அப்பாவுக்குப் போன் வாங்கும்போது நான் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்த்தேன்: பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்று சொல்லும் 7000 எம்ஏஎச். சார்ஜ் போட அடிக்கடி மறந்துவிடுவார், இரண்டு நாள் தாங்கினால் நல்லது என்று கணக்குப் போட்டேன். தாங்கியது. ஆனால் அவர் மத்தியானம் கட்டிலில் மல்லாந்து படுத்துச் செய்தி படிக்கிறவர். ஒரே வாரத்தில் போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, ஒருக்களித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். கேட்டால், “கை கடுக்குதுப்பா.” மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கவரும் மேல் கண்ணாடியும் சேர்ந்து 256 கிராம். கால் கிலோவை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு நேரம் படிப்பார்?

அதிலிருந்து யாருக்குப் போன் வாங்குவதானாலும் வேகம், சார்ஜ், எடை மூன்றையும் சேர்த்தே பார்க்கிறேன். பலர் சறுக்குவது மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான்.

எம்ஏஎச் என்பது தொட்டியின் கொள்ளளவு. தண்ணீர் எத்தனை நாள் வரும் என்பதைக் குழாயையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். இங்கே குழாய் என்பது போனின் மூளையான சிப்பும், திரையும். சாம்சங் கேலக்ஸி எஸ்22 இதற்கு நல்ல உதாரணம். 2022-இல் வந்தது, 3700 எம்ஏஎச். இந்தியாவில் விற்றதில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 என்ற சிப் இருந்தது. சீக்கிரம் சூடாகிறது, சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது என்று அந்த போனுக்குப் பெயர் கெட்டது. அடுத்த வருடம் வந்த எஸ்23-இல் பேட்டரி 200 எம்ஏஎச் மட்டுமே அதிகம். எடை கிட்டத்தட்ட அதேதான், 168 கிராம். ஆனாலும் சார்ஜ் நிற்பதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பெரிய காரணம், சிப் மாறியதுதான். 8 ஜென் 1 சாம்சங் ஆலையில் செய்யப்பட்டது. எஸ்23-இல் வந்த 8 ஜென் 2 தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் செய்யப்பட்டது. இரண்டுமே விளம்பரத்தில் ‘4 நானோமீட்டர்’தான் (சிப் தயாரிப்பு நுட்பத்துக்கு வைக்கும் பெயர்; பொதுவாக எண் சிறியதானால் நுட்பம் புதியது). எடையைக் கூட்டாமல் சார்ஜைக் கூட்ட நல்ல சிப்பைப் போல வேறு வழியில்லை.

இதிலேயே இன்னொரு தப்புக்கணக்கு உண்டு. ‘நான் கேம் ஆடுவதில்லை, சாதாரண சிப் போதும், அது கரண்டும் குறைவாகத்தானே தின்னும்’ என்பார்கள். எப்போதும் அப்படி இல்லை. பட்ஜெட் போன்கள் பலவற்றில் வந்த ஹீலியோ ஜி85 பழைய 12 நானோமீட்டர் சிப். ஒரு பக்கத்தைத் திறக்க அது முழு மூச்சில் திணறும்போது, புதிய 4 நானோமீட்டர் சிப் அதே வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். வாட்ஸ்அப், யூடியூப், யுபிஐ என்று இருப்பவர்களுக்கு உச்ச விலை போன் தேவையில்லை, சரி. ஆனால் நடுத்தர விலையில் புதிய சிப் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம் பெஞ்ச்மார்க் மதிப்பெண், அதாவது வேகச் சோதனை ஆப் தரும் மார்க். அன்டுடு என்ற ஆப்பில் இத்தனை லட்சம் என்று போடுவது, போன் குளிர்ச்சியாக இருக்கும்போது சில நிமிடம் ஓடிய ஓட்டம். சிப்பின் வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும். மின்செலவோ வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதனால் கடைசி கொஞ்சம் வேகத்துக்குத்தான் கரண்டும் சூடும் எக்கச்சக்கமாகப் போகின்றன. மெலிந்த போனுக்குள் அந்தச் சூடு வெளியேற இடமில்லாதபோது சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே 3டிமார்க் என்ற இன்னொரு சோதனை ஆப்பின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் முடிவைத் தேடிப் பாருங்கள். 20 நிமிடம் ஓடியபின் எத்தனை சதவீத வேகம் மிஞ்சுகிறது என்று அது காட்டும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர் மே மாத மத்தியானம் அதைத் தாண்டிவிடும். பைக்கில் மேப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு, திரை தானாக மங்குவது பழகிய விஷயம்.

மெலிவையும் லேசையும் ஒன்றாக நினைப்பதும் தவறு. 2025-இல் வந்த சாம்சங் எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீட்டர்தான், 163 கிராம். அதே வருடத்து சாதா எஸ்25 அதைவிடத் தடிமன், ஆனால் 162 கிராம். பேட்டரியும் எஸ்25-இல்தான் அதிகம்: 4000, எட்ஜில் 3900. எஸ்25-இன் திரையும் சிறியது என்பதால் சார்ஜ் செலவும் குறைவு. கையில் லேசாக இருக்க வேண்டும் என்றால் சின்னத் திரையை எடுப்பதுதான் நேர்வழி. கடையில் கட்டைவிரலால் மேல் மூலையைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஒரே கையில் வைத்திருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இப்போது சிலிக்கான்-கார்பன் பேட்டரி வந்து இந்தக் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வழக்கமான கிராஃபைட்டோடு சிலிக்கானும் கலக்கிறார்கள். அதே இடத்தில் கூடுதல் சார்ஜ் அடங்குகிறது. ஒன்பிளஸ் 13-இல் 6000 எம்ஏஎச், எடை சுமார் 210 கிராம். 5000 எம்ஏஎச் உள்ள எஸ்25 அல்ட்ராவோ 218 கிராம். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீன மாடலின் விமர்சனத்தைப் பார்த்து இங்கே காசு கட்டாதீர்கள். ரியல்மி ஜிடி 7 ப்ரோ சீனாவில் 6500 எம்ஏஎச், இந்தியாவில் 5800. பெயர் ஒன்றே, பேட்டரி வேறு.

கடைசியாக, பேட்டரி தேய்ந்ததைப் போன் பழசானதாக நினைத்துவிடாதீர்கள். ஐபோனிலும் புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் தெரியும், அதாவது புதிதில் அடங்கிய சார்ஜில் இப்போது எத்தனை சதவீதம் அடங்குகிறது என்பது. அது 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்து, வேகத்தில் உங்களுக்குக் குறை இல்லையென்றால், முதலில் சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். அம்மாவின் 170 கிராம் போனுக்கு அப்படித்தான் மாற்றினோம். இப்போது மத்தியானத்தில் அதைத்தான் அப்பா வாங்கிப் படிக்கிறார்.