கிரேடு ஏறியது, வாசிப்பு ஏறவில்லை: கிளாரினெட் தேர்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகள் கிளாரினெட் தேர்வில் (மொத்தம் எட்டு கிரேடு) மூன்றாம் கிரேடை மெரிட்டோடு, அதாவது நல்ல தேர்ச்சியோடு, முடித்த வாரம், என் சித்தப்பா லண்டனுக்கு வந்திருந்தார். கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். பேத்தி கிளாரினெட் வாசிக்கிறாள் என்றதும் அவருக்கு ஏக சந்தோஷம். "ஏதாவது ஒரு பாட்டு வாசி கண்ணு" என்றார். வாசித்தாள். "இன்னொன்று?" வாசித்தாள். மூன்று முடிந்ததும் கையிருப்பு தீர்ந்துவிட்டது. மூன்றுமே தேர்வுப் பாட்டுகள். நோட்டுப் புத்தகத்தில் வேறொரு எளிய பாட்டைத் திறந்து வைத்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை.

அன்றுதான் எனக்கு உறைத்தது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, கிரேடு தேர்வும் அப்படித்தான். ஒருவர் அந்த நிலையில் இருக்கிறாரா என்று பார்க்க மூன்று பாட்டை எடுத்துப் பதம் பார்க்கிறார்கள். நாங்களோ ஒரு வருஷம் முழுக்க அந்த ஒரு சோற்றை மட்டும் வேகவைத்திருக்கிறோம்.

மூன்று பாட்டை வைத்தே வருஷத்தை ஓட்டுவதுதான் நான் பார்த்த தவறுகளில் பெரியது. பெற்றோர், பிள்ளை, சில சமயம் ஆசிரியர் என்று மூவரும் சேர்ந்தே செய்வது. இப்போது எங்கள் வீட்டில் தேர்வுக்கு மூன்று நான்கு மாதம் இருக்கும்போதுதான் தேர்வுப் பாட்டுகளைத் தொடுகிறோம். அதுவரை ஒரு கிரேடு கீழே உள்ள பாட்டுகளாக எட்டு, பத்து. பழைய பாடத்திட்டப் புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அதுவே போதும். ஒரு பாட்டை முழுமையாக்கிவிட்டுத்தான் அடுத்தது என்றில்லை, ஓரளவு வந்ததும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

சரி, மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த தவறு அதில்தான் இருக்கிறது. 1889-இல் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டன் இசைத் தேர்வு வாரியத்தின் நேர்முகத் தேர்வுக்கு மொத்தம் 150. மூன்று பாட்டுக்குத் தலா 30. ஸ்கேல் (சுர வரிசை), ஆர்பெஜியோவுக்கு (சுரங்களைத் தாவித் தாவி வாசிப்பது) 21. பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21. கேட்டுச் சொல்லும் ஆரல் பகுதிக்கு 18. தேற 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. ஒவ்வொரு பகுதியிலும் தேற வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, மொத்தம்தான் கணக்கு. டிரினிட்டி என்ற இன்னொரு வாரியத்தில் மொத்தம் 100, தேற 60.

இதைப் பார்த்ததும் "பாட்டை நன்றாக வாசித்துவிட்டால் மற்றதைச் சமாளிக்கலாம்" என்று மனம் கணக்குப் போடும். போட்டோம். தேறவும் தேறினாள். ஆனால் சைட் ரீடிங்தான் பிள்ளை தனியாக ஒரு புதுப் பாட்டை எடுத்து வாசிக்கும் தெம்பைத் தருவது. அதைத் தேர்வுக்கு முந்திய வாரத்துக்குத் தள்ளிவைப்பது, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நீச்சல் கற்பதைப் போல. தினமும் நான்கு அல்லது எட்டு பார் (தாளக் கட்டம்), இதுவரை பார்க்காத எளிய நோட்டு, நடுவில் நிற்காமல் வாசிக்க வேண்டும். தவறினாலும் திரும்பிப் போகக்கூடாது. தேர்வு அறையில் பார்த்து வைத்துக்கொள்ள அரை நிமிஷம் கொடுப்பார்கள். அந்த அரை நிமிஷத்தைச் சும்மா வெறித்துப் பார்த்துக் கழிக்காமல், சிக்கலான இடத்தை மெதுவாக ஊதிப் பார்ப்பதற்கும் பழக்கம் வேண்டும்.

ஸ்கேலிலும் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. மனப்பாடமாக வாசிக்க வேண்டும். நாக்கால் தட்டியும் இழைத்தும் இரண்டு விதமாகவும் கேட்பார்கள், எது என்பது தேர்வாளர் விருப்பம். இழைத்து மட்டும் பழகிய பிள்ளை அங்கே திணறும்.

இனி கிளாரினெட்டுக்கே உரிய தொல்லைக்கு வருகிறேன். புல்லாங்குழலிலோ ரெக்கார்டரிலோ அதே விரலோடு மேலே தாவினால் ஒரு ஸ்தாயி ஏறும். கிளாரினெட் அப்படியில்லை. ஒரு பக்கம் அடைத்த நேரான உருளைக் குழாயைப் போல அது நடந்துகொள்வதால், கட்டை விரலால் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் பன்னிரண்டாவது சுரத்துக்குத் தாவிவிடும். அடியில் சி என்ற சுரம் வாசிக்கும் அதே விரல் மேலே ஜி சுரம் தரும். ஆகவே கீழ்ப்பகுதியில் ஒரு விரலமைப்பு, மேல்பகுதியில் வேறொன்று. நடுவில் இருப்பதைத்தான் பிரேக் என்கிறார்கள். நடு ஏ-யில் துளைகள் எல்லாம் திறந்து, ஏறக்குறைய ஒரே விரலில் வாத்தியம் நிற்கும். அதற்கு அடுத்த பி-க்கு அத்தனை துளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும், சுண்டு விரலும் சேர்ந்து. ஒரு துளை ஒரு மயிரிழை திறந்திருந்தாலும் கீச்சென்று கத்தும்.

தொடக்க கிரேடுகளின் பாட்டுகள் பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலேயே நடமாடும். அதனால் அந்தச் சான்றிதழ் பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்லாது. "ஒன்று, இரண்டு மளமளவென்று போனாளே, இப்போது ஏன் மூன்று மாதமாக அதே இடத்தில் நிற்கிறாள்?" என்று நான் கேட்டேன். நின்றது சோம்பலால் அல்ல, வாத்தியம் மாறிவிட்டதைப் போன்ற இடம் அது. அங்கே அடுத்த கிரேடுக்குத் தேதி குறிப்பது வீண். நீளமான சுரங்களைக் கீழே ஊதிக்கொண்டே, காற்றையோ உதட்டையோ மாற்றாமல் ரெஜிஸ்டர் கீயை மட்டும் அழுத்திப் பழகுவது உதவியது. ஆரம்பத்தில் பக்கத்தில் நின்று அந்தக் கீயை நானே அழுத்திவிட்டேன், அது அவளுக்கு விளையாட்டாகவும் போனது. இன்னொன்று, ஏ வாசிக்கும்போதே வலது கை விரல்களைத் துளைகளின் மேல் மூடி வைத்துவிடுவது. சுரம் கெடாது, அடுத்துப் பி-க்குப் போகும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

ஊதும் முனையில் பொருத்தும் நாணல் சீவலான ரீட்டின் எண்ணையும் கிரேடையும் முடிச்சுப் போடுவது வேடிக்கையான தவறு. "நாலாம் கிரேடு வந்தாச்சு, இன்னும் இரண்டாம் எண் ரீட்டா?" என்று ஒரு அம்மா கேட்டதைக் காதால் கேட்டேன். எண் கூடக் கூட ரீட் கடினமாகும், வாசிப்பு உயர்ந்துவிடாது. மவுத்பீஸுக்கும் உதட்டுப் பிடிக்கும் எது ஒத்துப்போகிறதோ அதுதான். தேர்வன்று புதுப் பெட்டி பிரிக்காதீர்கள். பழகிய ரீட் மூன்று நான்கைச் சுழற்சியில் வைத்திருங்கள்.

எல்லாக் கிரேடையும் ஏறித்தான் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏபிஆர்எஸ்எம்மில் ஒன்று, இரண்டு எழுதாமல் நேராக மூன்றுக்கே போகலாம். தடை ஒன்றுதான்: ஆறாம் கிரேடுக்கு முன் ஐந்தாம் கிரேடு தியரியையோ (இசைக் கோட்பாட்டுத் தேர்வு) அதற்கு ஏற்கப்பட்ட மாற்றுத் தேர்வையோ முடித்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, ஆறாம் கிரேடுப் பாட்டுகள் கைக்கு வந்த பிறகு தியரிக்காக ஒரு பருவம் காத்திருந்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு. டிரினிட்டியில் இந்த நிபந்தனை இல்லை.

ஏபிஆர்எஸ்எம்மில் 2020-இல் வந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடு வேறு வகை. நான்கு பாட்டைத் தொடர்ச்சியாக வாசித்து வீடியோ அனுப்பினால் போதும், ஸ்கேலும் இல்லை, சைட் ரீடிங்கும் இல்லை. மேடை வாசிப்பில் ஆசையுள்ள பிள்ளைக்கு நல்ல வழி. ஸ்கேலிலிருந்து தப்பிக்க வருஷா வருஷம் அதையே எடுத்தால், எங்கள் சித்தப்பா கதைதான்.

பல்கலைக்கழகப் புள்ளிக் கணக்குக்காக ஓடுபவர்களும் உண்டு. ஆறு முதல் எட்டு வரையான கிரேடுகளுக்கு யூகாஸ் (பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு) புள்ளிகள் உண்டுதான், எட்டாம் கிரேடு டிஸ்டிங்ஷனுக்கு 30. ஆனால் பல படிப்புகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பியானோ துணைக்கு வருபவரைத் தேர்வு வாரத்தில் முதல் முறையாகச் சந்திக்க வைக்காதீர்கள். பி-பிளாட் கிளாரினெட்டில் எழுதியிருக்கும் சி, பியானோவின் பி-பிளாட். பியானோ ஏ கொடுத்தால் இவள் பி வாசிக்க வேண்டும். இது தெரியாமல் ஏ வாசித்து, "ஏதோ தப்பாக ஒலிக்கிறதே" என்று முழித்ததை ஒத்திகையிலேயே பார்த்துவிட்டது எங்கள் நல்ல காலம். குளிர்ந்த வாத்தியம் சுருதி தாழ்ந்து ஒலிக்கும், உள்ளே போகும் முன் ஊதிச் சூடாக்க வேண்டும்.

கடைசியாக, அந்த மதிப்பெண் தாள். ஒவ்வொரு பகுதிக்கும் தேர்வாளர் ஓரிரு வரி எழுதுவார். எங்கள் மூன்றாம் கிரேடு தாளில், நடு சுரங்களில் ஒலி மெலிகிறது, அங்கிருந்து மேலே போகும்போது சீராக இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தது. நான் மேலே இருந்த மெரிட் என்ற சொல்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டுத் தாளைக் கோப்பில் வைத்துவிட்டேன். பிரேக்கில் அவள் மூன்று மாதம் நின்ற பிறகுதான் எடுத்து முழுதாகப் படித்தேன்.