ஃபெஸ் பழைய நகரம்: போவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. அந்தப் பழைய ஊரைக் காட்சிக்கு வைத்த பொருளாக நினைத்துவிடுகிறார்கள். 789-ல் முதலாம் இத்ரீஸ் அடித்தளம் போட்ட ஊர், 1981-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் என்றெல்லாம் படித்துவிட்டுப் போவார்கள். அங்கே இன்றும் குடும்பங்கள் மாவு பிசைகின்றன, துணி காய்கிறது, கேஸ் சிலிண்டர் கழுதை முதுகில் ஏறி வருகிறது என்பது மட்டும் கண்ணில் படாது. இது ஜனங்கள் குடியிருக்கும் இடம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் வீடுகள். வெளிச்சுவரைப் பார்த்து வீட்டை எடை போடாதீர்கள். சந்தில் நடக்கும்போது இரண்டு பக்கமும் காரை பெயர்ந்த உயரமான சுவர்தான் தெரியும். கீழே ஜன்னல் அநேகமாக இருக்காது. ஆணிகள் பதித்த கனமான மரக்கதவு, அதற்குள் குனிந்து நுழையும் அளவுக்குச் சின்னதாக இன்னொரு கதவு. பாழடைந்த வீடு என்று தோன்றும். உள்ளே காலை வைத்தால் நடை நேராகப் போகாமல் ஒரு பக்கம் திரும்பும். வாசலில் நிற்கிறவர் பார்வை உள்ளே பாயக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் திருப்பம் தாண்டினால் வானத்தைப் பார்த்த முற்றம். தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் ஸெல்லீஜ் ஓடுகள். ஒவ்வொரு துண்டையும் உளியால் கொத்தி வடிவாக்கிப் பதித்தவை. அதற்கு மேலே செதுக்கிய சுண்ணச் சாந்து, அதற்கும் மேலே மத்திய அட்லஸ் மலைகளிலிருந்து வந்த தேவதாரு மர வேலைப்பாடு. எல்லா அறைகளும் முற்றத்தை நோக்கியே திறக்கும். வசதியானவர் வீடும் சாதாரணக் குடும்பத்தின் வீடும் சந்திலிருந்து பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். செல்வத்தைத் தெருவுக்குக் காட்டாத இந்தக் கட்டட முறையில் பெரிய நாகரிகம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

அதற்காக ஃபெஸ்ஸின் எல்லா வீடுகளும் இப்படித்தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. மெல்லா எனப்படும் யூதக் குடியிருப்புக்குப் போய்ப் பாருங்கள். 1438-ல் உருவானது, மொராக்கோவில் அந்த வகையில் முதலாவது. அங்கே மர பால்கனிகள் தெருவை எட்டிப் பார்த்தபடி நிற்கும். சில நிமிட நடையில் கட்டடங்களின் சுபாவமே மாறிவிடுவதைப் பார்க்கலாம். பலர் இந்தப் பகுதியை விட்டுவிட்டே திரும்பிவிடுகிறார்கள்.

பழைய வீட்டில் தங்கப் போகிறவர்கள் படத்தை மட்டும் நம்பி அறை எடுக்காதீர்கள். ரியாத் எனப்படும் பழைய முற்றத்து வீடு என்றாலே நடுவில் மரம் செடியோடு தோட்டம் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். ஃபெஸ்ஸில் இடம் நெருக்கம் என்பதால் பல வீடுகளில் ஓடு பதித்த முற்றம் மட்டும்தான். அதுவும் அழகுதான், ஆனால் தெரிந்து போவது நல்லது. ஜன்னல்கள் முற்றத்துக்குள் திறப்பதால் ஓர் அறையில் பேசுவது இன்னோர் அறைக்குக் கேட்கும். கோடையில் சுகமாக இருக்கும் அதே வீடு குளிர்காலத்தில் நடுங்க வைக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் அறையில் ஹீட்டர் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டு வாசல் வரை டாக்ஸி போகும் என்றும் நினைக்காதீர்கள். பழைய நகரத்துக்குள் கார் நுழையாது. பெட்டி தள்ளுவண்டியில்தான் வரும். ஊரின் எந்த வாசலில் யார் வந்து அழைத்துப்போவார் என்பதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடி விஷயத்தில் தெரியாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. மாடிக்குப் போனதும் கேமராவை எடுத்து அக்கம்பக்கத்து மாடிகளை எல்லாம் படம் பிடிப்பது. காலங்காலமாக மாடிதான் அங்கே பெண்களின் இடம். துணி காயப்போடுவது, கம்பளி உலர்த்துவது, அடுத்த வீட்டுக்காரியிடம் நாலு வார்த்தை பேசுவது எல்லாம் அங்கேதான். தெருவிலிருந்து ஒருவர் பார்வையும் படாதபடி கட்டிய வீட்டை மேலிருந்து எட்டிப் பார்ப்பது எவ்வளவு சங்கடம்! பள்ளிவாசல் மினாரெட்டை எடுங்கள், மலையை எடுங்கள். மாடியில் ஆள் இருந்தால் கேமராவைத் தாழ்த்திவிடுங்கள்.

சந்துகளில் ‘பாலக்! பாலக்!’ என்று பின்னால் குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே சுவரோரம் ஒதுங்குங்கள். தோல் மூட்டையோ சிமெண்டோ சுமந்த கோவேறு கழுதை வரும், அதற்கு பிரேக் கிடையாது. செல்போன் வரைபடம் உயரமான சுவர்களுக்கு நடுவே தடுமாறும். அதைவிட ஊரின் சரிவை நம்பலாம். பாப் பூஜெலூத் வாசலிலிருந்து தாலா கபீரா, தாலா ஸ்கீரா என்ற இரண்டு பெரிய தெருக்கள் நடு ஊருக்கு இறங்குகின்றன. அந்தத் தெருக்களில் ஏறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வாசல் பக்கம் வந்து சேரலாம். ‘இந்த வழி மூடியிருக்கிறது, நான் கூட்டிப்போகிறேன்’ என்று யாராவது வலிய வந்தால் நன்றி சொல்லிவிட்டு நடங்கள். சந்தேகம் வந்தால் ஒரு கடைக்காரரிடம் கேளுங்கள்.

859-ல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி நிறுவியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. வாசலில் நின்று பார்க்கலாம், வாக்குவாதம் வேண்டாம். பூ இனானியா, அத்தாரீன் மதரஸாக்களுக்குள் எல்லோரும் போகலாம், மரவேலையும் சாந்து வேலையும் அங்கே கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

இனி சாப்பாடு. இங்கேதான் இழப்பு அதிகம். ஊர் முழுக்க, கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் வேகவைக்கும் தஜீன் மட்டும்தான் என்று நினைத்து மூன்று வேளையும் அதையே சொல்வார்கள். காலையில் சின்னக் கடைகளில் கிடைக்கும் பிஸாராவைச் சாப்பிடாமல் வரக்கூடாது. காய்ந்த ஃபாவா மொச்சையை வேகவைத்துக் கடைந்த கெட்டியான சூப் அது. மேலே ஆலிவ் எண்ணெய், சீரகப்பொடி, தொட்டுக்கொள்ள ரொட்டி. மலிவு, வயிறும் நிறையும்.

கூஸ்கூஸ் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு. தொழுகை முடிந்து குடும்பமே வீட்டில் கூடும் வேளை. குழம்பு கொதிக்கும் பானையின் மேல் துளைப்பாத்திரத்தை வைத்து, ரவை மணிகளை ஆவியில் வேகவைத்து, எடுத்துக் கையால் உதிர்த்து, தண்ணீர் தெளித்து, மறுபடி ஏற்றி, இப்படி இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். மற்ற நாள் ராத்திரி ஓட்டலில் அவசரமாகக் கேட்டால் அந்தப் பக்குவத்தை எதிர்பார்க்க முடியாது. வெள்ளி மதியம் கடைகள் பல மூடிவிடும். சந்தை சுற்றும் திட்டத்தை வேறு நாளுக்கு வைத்துக்கொண்டு, அன்று கூஸ்கூஸுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

வீட்டுக்கு அழைத்தால் எல்லோருக்கும் நடுவில் ஒரே தட்டுதான் வரும். வலது கையால், உங்களுக்கு நேராக இருக்கும் பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். நடுவில் இருக்கும் இறைச்சிக்கு முதலிலேயே கையை நீட்டக்கூடாது. கடைசியில் வீட்டுக்காரர் பிய்த்து உங்கள் பக்கம் நகர்த்திவைப்பார். ரொட்டிதான் கரண்டி. அதை மிச்சம் வைத்துக் குப்பையில் போடுவது அவர்கள் மனதை உண்மையாகவே புண்படுத்தும். தெருவில் கிடக்கும் ரொட்டித் துண்டைக்கூட எடுத்து, மிதிபடாதபடி ஏதாவது ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்து, துணி மூடி, பேட்டையின் பொது அடுப்புக்குச் சுட அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஃபரான் என்பார்கள். பலகையோடு வரும் சிறுவனுக்கு வழி விடுங்கள்.

புதினா தேநீர் இனிப்பு தூக்கலாகவே இருக்கும். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் போடும் முன்பே சொல்லுங்கள். வந்த பிறகு வேண்டாம் என்று தள்ளுவது நன்றாக இருக்காது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ‘ஏழு காய்கறி கூஸ்கூஸ்’ என்று பெயர் இருந்தாலும் குழம்பு பெரும்பாலும் இறைச்சி போட்டுக் கொதித்ததுதான். காய்கறி தஜீனும் அப்படி இருக்கலாம். பஸ்தீயா இனிப்புப் பலகாரம்போலப் பொடிச் சர்க்கரையும் பட்டையும் தூவி வரும், உள்ளே புறாவோ கோழியோ இருக்கும். கத்தரிக்காயில் செய்த ஸாலூக், குடைமிளகாயும் தக்காளியும் சேர்ந்த தக்தூக்கா, வெள்ளை பீன்ஸ், பருப்பு எல்லாம் கிடைக்கும். ஆனால் பீன்ஸிலும் பருப்பிலும் சில கடைகளில் இறைச்சித் துண்டு போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். தங்கும் வீட்டில் சமைக்கச் சொல்வதாக இருந்தால் முந்தின நாள் மாலையே ‘இறைச்சி வேண்டாம், அந்தக் குழம்பும் வேண்டாம்’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். காலையில் சந்தைக்குப் போகும்போதே அதற்குத் தகுந்தபடி காய் வாங்கிவிடுவார்கள்.